வளையப்பூவும் மூன்றாவது பொட்டலமும்

வெர்னா தன் கணவனோடு பேசிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஊரே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத்தான் சிரிக்க வசதிப்படவில்லை.

லைல் மண்சாலைகளைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டுகிறவன். வெர்னா படமெடுக்கப் பார்த்து வைத்திருந்த வாடாப்பூக் கூட்டத்தைச் சாலையோரத்தோடு சேர்த்து வழித்துத் தள்ளிவிட்டான். "ஆபீஸ்ல சொன்னாங்க, செஞ்சேன்" என்றானாம். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

ஊர்க் கண்காட்சிக்குப் படம் கொடுக்கப் பத்தாம் நாள் மாலைதான் கடைசி. வளையப்பூவைப் படம் பிடித்தே தீருவதென்று வெர்னா அன்று காலையிலேயே என் காரில் ஏறிவிட்டாள். முல்லேவா ஊருக்குக் கிழக்கே எந்தச் சாலையில் போவது என்பதையும் அவளே சொன்னாள். பின் இருக்கையில் மூன்று சாண்ட்விச் பொட்டலங்கள் இருந்தன.

"நாம ரெண்டு பேருதானேடி, மூணாவது யாருக்கு?"

"பசிச்சா நானே தின்பேன். ரோட்டைப் பாத்து ஓட்டு."

வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தாள். செப்டம்பர் மாதம், எங்கள் பக்கம் பூக்காலம்; பூந்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வளையப்பூ தரையோடு தரையாகப் பச்சை வட்டமாகப் படரும். விளிம்பில் மட்டும் சுற்றிலும் சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பூக்கும். ஆனால் அடர்ந்த புதருக்குள் வராது. ஒன்றிரண்டு வருடம் முன்னால் கிரேடர் சுரண்டிப்போட்ட சாலையோரம்தான் அதற்குப் பிடிக்கும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெர்னாவுக்கும் தெரியும். தெரிந்தே என்னை மதியம்வரை புதருக்குள் இழுத்தடித்தாள். முள் கிழித்ததும் ஈ மொய்த்ததும்தான் மிச்சம்.

"புருஷன் மேல இருக்கிற கோவத்தை என் காலு மேல காட்டாத. ரோட்டுக்கு வாடி."

"அவன் சுரண்டின மண்ணுல நான் மண்டி போடணுமா?"

"போடு. பூவுக்கு ரோஷமெல்லாம் கிடையாது."

முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். காரிலிருந்து கொஞ்சதூரத்தில், சரளை ஓரத்தில், வளையம் வளையமாகப் பூத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ரோஷம் போன இடம் தெரியவில்லை. அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள்.

பூ கிடைத்தது, காற்று விடவில்லை. கிழக்கிலிருந்து விடாமல் வீசியது. என் கோட்டை விரித்துப் பிடித்தேன்.

"அசையாமப் பிடிடி!"

"நான் என்ன சுவரா?"

எடுத்ததெல்லாம் கலங்கலாகவே வந்தது. கடைசியில் கேமராவைத் தாழ்த்திவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"முடியல மெர்ல். இந்த வருஷமும் போச்சு. கிளம்பலாம்."

எனக்கும் அழுகை வந்தது. அப்போதுதான் அந்த உறுமல் கேட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிரேடர் வந்தது, உள்ளே லைல். எங்களைக் கண்டதும் மண் வழிக்கும் தகட்டை உயரத் தூக்கினான். வண்டியை ஆமைபோல் நகர்த்திக் காற்று வரும் பக்கமாகக் குறுக்கே நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இறங்கவும் இல்லை, இவளைப் பார்க்கவும் இல்லை. வானத்தில் ஏதோ தேடுகிறவன்போல் உட்கார்ந்திருந்தான்.

புழுதி அடங்கியது. பூவின் ஆட்டம் குறைந்தது.

வெர்னா மறுபடி குப்புறப் படுத்துக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கத்தினாள்.

"லைல்! ரெண்டடி முன்னாடி வா. இந்தப் பக்கம் இன்னும் காத்து வருது."

"வந்துட்டேம்மா!" அவன் வாயெல்லாம் பல்.

ஆசை தீர எடுத்தாள். எடுத்து முடித்ததும் காருக்குப் போய் மூன்றாவது பொட்டலத்தை எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள். அவன் பிரித்தான். மாட்டிறைச்சி, மேலே கெட்டியாகக் கடுகு விழுது. கடுகு நெடி பட்டாலே வெர்னாவுக்கு நாள் முழுக்கத் தும்மல் நிற்காது.

இந்த வாரம் அவனுக்கு இந்தச் சாலையில்தான் வேலை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"பசிச்சா நானே தின்பேன்னு சொன்னியேடி?"

"வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு" என்றாள் வெர்னா, தும்மிக்கொண்டே.