நான்கடிப் படி

டேப்பின் ஒரு முனையைக் காசிமாயன் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொண்டார். மறுமுனையைத் தேவிகா கைப்பிடிச் சுவர் வரைக்கும் இழுத்துப் படித்தாள். ஒன்று இருபது. நாலு படி மேலே ஏறி மறுபடியும் அளந்தாள். அங்கேயும் ஒன்று இருபதுதான். வரைபடத்தில் ஒன்றரை மீட்டர் என்று இருந்தது. பள்ளிக்கூட மாடிப்படி அதற்குக் குறையக் கூடாது என்பது விதி. ஐந்தடி இருக்கவேண்டிய இடத்தில் நான்கடி இருந்தது.

தேவிகா ஒன்றியத்தில் உதவிப் பொறியாளர். எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளிக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு வகுப்பறைகள் கட்டி, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. பிப்ரவரியில் திறப்பு விழா. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கட்டடம் முடிந்தது, விதிப்படி இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் சாவி தலைமையாசிரியையின் கைக்குப் போகும்.

படிக்குக் கான்கிரீட் போட்ட சமயத்தில் அவள் விடுப்பில் இருந்தாள். கணவர் துளசிராமுக்கு இருதய அறுவைச் சிகிச்சை. இருபது நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அவளுக்குப் பதிலாக வந்தவர் கீழே நின்றே பார்த்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்த பிறகாவது அவள் அளந்திருக்கலாம். ஆறேழு தடவை அந்தப் படியில் ஏறி இறங்கியும் டேப்பை எடுக்கவில்லை. வீட்டு நினைப்பிலேயே நாள் ஓடிவிட்டது.

ஏன் குறைந்தது என்று கேட்டாள். ஒப்பந்தக்காரர் காசிமாயன் மறைக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஆண்டிச்சாமி, அஸ்திவாரம் தோண்டிய அன்று வேலியோரம் வந்து நின்று, எல்லையைத் தாண்டிக் கம்பி வந்தால் பிடுங்கிப் போடுவேன் என்றிருக்கிறார். வம்பு வேண்டாமென்று இவர் படியில் ஒரு அடியைக் குறைத்துவிட்டார்.

"ஒரு அடிதான மேடம். டவுன்ல கல்யாண மண்டபத்துலயே இம்புட்டு அகலந்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியபோது, சமீனா டீச்சர் வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்திருந்தார். கோரிப்பாளையத்திலிருந்து வருபவர். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. ஆறு வருடமாக இருவரும் ஒரே பஸ், ஒரே சீட். துளசிராம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சாயங்காலம் தவறாமல் வந்து பார்த்தவர் சமீனா. அவரிடம் படியைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று தேவிகா யோசித்துக்கொண்டிருக்க, அவரே தொடங்கினார். காசிமாயன் இரவே போன் செய்துவிட்டாராம்.

பழைய கட்டடம் உறுதியாக இல்லை என்று இடித்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில்தான் நடக்கிறது. எட்டு வகுப்பும் ஒரே ஹாலில். ஊரில் காதுகுத்து வந்தாலும் கருமாதி வந்தாலும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போகவேண்டும். மே மாதம் சமீனாவுக்கு ஓய்வு. அதற்குள் மூன்று மாதமாவது பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பார்க்க வேண்டும் என்பதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் அதையே சொன்னார். கெஞ்சவில்லை.

"நாளைக்கு வாரேன் டீச்சர். மேல் வகுப்புப் பிள்ளைகளை ஒருதரம் ஏத்தி இறக்கிப் பாப்போம்" என்றாள் தேவிகா.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுபது பேரை மாடியில் இரண்டு அறைகளிலும் உட்காரவைத்தார்கள். சாப்பாட்டுக்கு இறங்குவதுபோல் இறங்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்கள். மணி அடித்ததும் முதல் இருபது பேர் ஒழுங்காக இறங்கினார்கள். பிறகு இரண்டு அறைப் பிள்ளைகளும் படி திரும்புகிற இடத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் போனவர்கள் நிற்கிறார்கள் என்பது தெரியாமல் மேலே இருந்தவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். யாரும் விளையாட்டுக்குக்கூடத் தள்ளவில்லை. ஆறாம் வகுப்பு பவதாரிணி கைப்பிடிச் சுவரோடு நசுங்கி, கீழே போகவும் முடியாமல் மேலே ஏறவும் முடியாமல் நின்றாள். ஆசிரியை ஒருவர் கத்தி நிறுத்திய பிறகுதான் கூட்டம் தளர்ந்தது. அந்தப் பிள்ளையின் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்திருந்தது. அவள் அழவில்லை. சமீனா முந்தானையால் துடைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க அனுப்பினார்.

பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு இருவரும் படியடியில் நின்றார்கள்.

"நான் வரிசையா இறக்கி விடுறேன் தேவிகா. வகுப்பு வகுப்பா. படியில ஒரு டீச்சரை நிறுத்திருவேன். நான் இருக்கிற வரைக்கும் ஒரு பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாது டீச்சர். ஆனா நீங்க மே மாசம் போயிருவீங்க. நானும் எங்கயாவது மாறிப் போயிருவேன். படி இங்கதான் இருக்கும்."

சமீனா கீழே கிடந்த வளையல் துண்டுகளைக் குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

மேலதிகாரி பால்பாண்டி போனில் ஒரு வழி சொன்னார். கீழ்த்தளத்தை மட்டும் திறந்துவிடலாம், மேலே பூட்டிவிட்டுப் படியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் நாலு பக்கமிருந்தும் போன் வந்துகொண்டிருந்தது. ஆனால் தேவிகா இன்னோர் ஊரில் அப்படித் திறந்த கட்டடத்தைப் பார்த்திருக்கிறாள். ஆறே மாதத்தில் பூட்டு காணாமல் போய், பிள்ளைகள் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டார்கள். சரிசெய்யச் சொல்லி அவள் மூன்று முறை எழுதியும் பதில் வரவில்லை. திறந்த கட்டடத்தை இடிக்க யாருக்கும் மனசு வராது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. படி ஒரு அடி குறைவு என்று எழுதினாள். விடுப்பிலிருந்து வந்த பிறகும் தான் அளக்கத் தவறியதையும் அதிலேயே எழுதினாள். எழுதி முடித்ததும் நிம்மதியெல்லாம் வரவில்லை. தலை வலித்தது. நான்காம் நாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. திறப்பு விழா நின்றது. ஊரில் கட்டிய வரவேற்புத் தட்டியைக் கழற்றி எடுத்துப் போனார்கள்.

அதன் பிறகு பஸ்ஸில் சமீனா முன்சீட்டில் வேறொரு ஆசிரியையோடு உட்காரத் தொடங்கினார். தேவிகா பின்னால் எங்காவது இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, உசிலம்பட்டி தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். தூக்கம் வராது.

ஆண்டிச்சாமி விஷயத்தைக் காசிமாயன்தான் ஏப்ரலில் வந்து சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமீனா தனியாகப் பஸ் ஏறி அவர் தோட்டத்துக்கே போயிருக்கிறார். ஒரு அடி நிலம் வேண்டும், இருபதடி நீளத்துக்கு, என்று கேட்டிருக்கிறார். ஆண்டிச்சாமி கோபமாகத்தான் பேசினாராம். இவ்வளவு நாளாக யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, விடிந்ததும் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தினால் எவன் சும்மா இருப்பான் என்றாராம். கடைசியில் எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

"டீச்சர் அம்புட்டு நேரம் வெயில்ல நின்னுக்கிட்டே பேசுச்சு மேடம்" என்றார் காசிமாயன். அவரும் கொஞ்சம் கூசிப்போய்த்தான் இருந்தார்.

நிலத்தை அளந்து, எழுதி, பதிந்து முடிய இரண்டு மாதமானது. அதற்குள் மே வந்துவிட்டது. சமீனாவின் பிரிவுபசார விழா சமுதாயக் கூடத்திலேயே நடந்தது. மாலையில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் பதினொரு மணிக்கெல்லாம் முடித்து நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். தேவிகாவை யாரும் அழைக்கவில்லை.

ஜூன் கடைசியில் பழைய படியை உடைத்தார்கள். கம்பி கட்டியபோது தேவிகா அளந்தாள். பலகை அடித்தபோது அளந்தாள். கான்கிரீட் போட்ட அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலிலேயே நின்றாள். ஆகஸ்டில் பார்த்தபோது ஒன்று ஐம்பத்திரண்டு இருந்தது. கையெழுத்துப் போட்டாள். பெரிய ஆட்கள் யாரும் வரவில்லை. புதுத் தலைமையாசிரியர் ரிப்பனை வெட்ட, பிள்ளைகள் உள்ளே போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவிகா கோரிப்பாளையத்துக்குப் போனாள். தர்கா பக்கத்துச் சந்தில் சமீனாவின் வீடு. கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார். துளசிராம் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தெருமுனை வரை நடக்கிறார் என்றாள் தேவிகா. பவதாரிணி இப்போது ஏழாம் வகுப்பு, மாடியில் முதல் அறை என்றும் சொன்னாள். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் லீவு முடிஞ்சு வந்ததுமே அளந்திருந்தா, நீங்க பிப்ரவரியிலயே அங்க பாடம் எடுத்திருப்பீங்க டீச்சர்."

"ஆமா" என்றார் சமீனா. "அது எனக்குத் தெரியும். கோவமே அதான். கையெழுத்துப் போடலைங்கிறதுக்கு இல்ல."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. தேவிகாவும் அதை எதிர்பார்த்து வரவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன. சமீனா முழங்காலை நீவிக்கொண்டே, வலி கொஞ்சம் குறைந்தால் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

"நானும் வாரேன் டீச்சர்."

"வா."

அடுத்த வாரம் தேவிகாவுக்கு வேறு மூன்று பள்ளிகளில் அளவெடுக்கும் வேலை இருந்தது. அதற்கடுத்த வாரம் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். சமீனா சுவரைப் பிடித்துக்கொண்டு படி திரும்புகிற இடம் வரை ஏறினார். அதற்கு மேல் முட்டி ஒத்துழைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. மேலிருந்து பிள்ளைகள் அவரைத் தாண்டி இறங்கிப் போனார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.