பதினான்காம் எண் இடம்

அன்று காலையும் ஆர்லிஸ் சமையலறைத் தொட்டியில்தான் பல் துலக்கினாள். ஐந்து மாதங்களாக அப்படித்தான். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று ஜனவரியில் அவள் கணவன் ஓரின் ஸ்பானரை எடுத்தான். குழாய்க்காக ஓடுகள் பெயர்ந்தன. ஓடுகளுக்காகச் சுவர் பெயர்ந்தது. சுவருக்குள் பழைய மின்கம்பிகள் தெரிந்தன. "கையோட கையா இதையும் பாத்துடலாம்" என்றான். அதற்குள் சமையலறை அலமாரிக் கதவுகள் வண்ணம் பூசுவதற்கென்று கழற்றப்பட்டு, கார் கொட்டகையில் சாய்த்து வைக்கப்பட்டுவிட்டன. வீட்டின் பின்படியும் பாதி போயிற்று.

இவற்றையெல்லாம் அவள் பொறுத்திருந்தாள். ட்ரெய்லரைத்தான் அவளால் பொறுக்க இயலவில்லை.

கோடைதோறும் ஏரிக்கரை முகாமுக்கு இழுத்துச் சென்று தங்கும், பத்தொன்பது அடி நீளமுள்ள அந்த ட்ரெய்லரில், வாசலருகே உள்ளங்கை அகலத்திற்குத் தரை இற்றுப்போயிருந்தது. அவ்வளவுதான். ஓரின் தரை முழுவதையும் பெயர்த்தான். பின் அடுப்பு, இருக்கைகள், பின்விளக்குக் கம்பிகள் என ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இப்போது அதனுள் மூன்று ப்ளைவுட் பலகைகளும், மீதிக்கு வெறும் இரும்புச் சட்டங்களுமே இருந்தன.

ஏரிக்கரை முகாமின் விதியோ மாறாதது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், அவரவர் வண்டி அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவ்விடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். ஆர்லிஸின் இடம் பதினான்கு. அவள் அக்கா டெல்லாவின் இடம் பதினைந்து. இருபத்திரண்டு கோடைகளாக அவ்விருவரும் அங்கே காப்பிக் கோப்பைகளோடு, தண்ணீரைப் பார்த்தபடி, காலை நேரங்களைக் கழித்திருக்கிறார்கள். மின்னசோட்டாவின் ஆறு மாதப் பனியை அவள் தாங்குவதே அந்தக் காலைகளுக்காகத்தான்.

அன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. அவள் முகாமின் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கோர்டி, பதினாலாம் நம்பர் ஆர்லிஸ் பேசறேன்."

"சொல்லும்மா. வர்றீங்கதானே? மினியாபொலிஸ்காரர் ஒருத்தர் காலையிலேருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டார். பஸ் மாதிரி ஒரு வண்டி வெச்சிருக்காராம்."

"வண்டி அஞ்சு மணிக்குள்ள அங்க நிக்கணும். அவ்வளவுதானே விதி? உள்ள தரை இருக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

கோர்டி சற்று யோசித்தார். "சக்கரம் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு."

"அப்ப கொண்டாம்மா."

அவள் கொட்டகைக்குச் சென்றபோது, ஓரின் ஒரு திருகாணியைக் கண்ணருகே பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"இன்னிக்குக் கெளம்பறோம்" என்றாள்.

"இந்த லட்சணத்துலயா? பைத்தியமா உனக்கு? ஊரே பாத்துச் சிரிக்கும். முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்கா இருந்தவன்டி நான்!"

"அதத்தான் நானும் கேக்கறேன். முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ரிப்பேர் பண்ணினியே, ஒரு நாளாவது ஒரு புள்ள உன்னால லேட்டாப் போச்சா? ஊரான் பிள்ளைக்கு ஆறு மணிக்கு டாண்ணு பஸ் நிக்கும். பொண்டாட்டிக்குன்னா பல்லு தேய்க்க ஒரு எடம் கெடையாது!"

"அங்க ஒரு நேரம் இருந்தது. வண்டி வெளிய போயாகணும்."

"இங்கயும் இருக்கு. அஞ்சு மணி. அந்த எடம் போச்சுன்னா திரும்பி வராது, ஓரின். போச்சுன்னா நான் உன்னை மன்னிக்கவும் மாட்டேன். பின்விளக்கு மட்டும் எரியணும். வேற எதையாவது தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

மடக்கு நாற்காலி ஒன்றைக் கொணர்ந்து போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு அவனெதிரே அமர்ந்தாள். அவன் முணுமுணுத்தான், பிறகு படுத்தான், கம்பிகளைத் தேடினான். நாற்பதே நிமிடங்களில் இரு விளக்குகளும் செக்கச்செவேலென எரிந்தன. அதைக் கண்டதும் அவள் சினம் தணியவில்லை, இரட்டிப்பாயிற்று. நாற்பது நிமிடம்! இவனுக்கு முடிக்கத் தெரியும். இத்தனை மாதங்களும் தெரிந்தேதான் முடிக்காதிருந்தான்.

பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்து ட்ரெய்லரை மாட்டினாள். பாதுகாப்புச் சங்கிலிகளை அவன்தான் கோத்தான். கோத்தவன் சக்கரத்தருகே குனிந்து நின்றுவிட்டான்.

"பேரிங்குக்கு கிரீஸ் போட்டு ஒரு வருஷம்தான் ஆகுது, நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் சக்கரத்தைக் கழட்டி, கையோட கையா..."

அவள் வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடியில் அவன் ஸ்பானரோடு சிறுத்துக்கொண்டே போனான்.

மூன்றரை மணி நேரப் பயணம். முகாமை அடைந்தபோது மணி நான்கு இருபது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: ட்ரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தி இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கு அது ஆண்களின் வேலை. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கையாட்டுவாள், மற்றவர்கள் பீர் டின்களோடு வரிசையாக அமர்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் கையாட்டியே வந்திருக்கிறாள்.

"எங்கம்மா ஓரின்? வழியில எறக்கி விட்டுட்டியா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஆமா, பாரம் அதிகம்" என்றாள்.

முதல் முறை ட்ரெய்லர் மரத்தை நோக்கிப் போயிற்று. இரண்டாம் முறை டெல்லாவின் மேசையைத் தள்ளியது. டெல்லா பின்னால் நின்று, இரு கைகளையும் இரு பக்கமும் ஒருசேர வீசினாள்.

"எந்தப் பக்கம்னு சொல்லித் தொலையேன்க்கா!"

"எனக்கென்னடி தெரியும்? இடிச்சாச் சொல்றேன்!"

ட்ரெய்லர் இடப்புறம் போக ஸ்டீயரிங்கை வலப்புறம் திருப்ப வேண்டும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பத்துத் தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் முறை, பதினான்காம் இடத்தின் எல்லைக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே ட்ரெய்லர் நின்றது. நான்கு ஐம்பத்திரண்டு. கோர்டி உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டங்களினூடே தெரிந்த புல்லைக் கண்டார். தம் தாளில் பதினான்குக்கு நேரே குறியிட்டார்.

இருந்த மூன்று பலகைகள்மேல் அவள் நாற்காலியை விரித்து அமர்ந்தாள். வாசல் வழியே ஏரி தெரிந்தது. தொலைபேசி அடித்தது.

"நின்னுடுச்சா?" என்றான் ஓரின்.

"நின்னுடுச்சு."

"நான் எதுல வர்றது? பிக்கப்ப நீயில்ல கொண்டு போயிட்ட."

"குளியலறைச் சுவரை மூடு. குழாயை மாட்டு. அதுல தண்ணி வந்தப்புறம் கூப்பிடு, வந்து கூட்டிட்டுப் போறேன்."

மறுமுனையில் அவன் ஸ்பானரைத் தேடியெடுக்கும் ஓசை கேட்டது.

"சரி. மூடறதுக்கு முன்னாடி, கையோட கை..."

அவள் தொலைபேசியை அணைத்துவிட்டு, காப்பி எங்கே என்று அக்காவைக் கூவி அழைத்தாள்.