யூரியா சாக்கில் துளசி

வெள்ளிமலைக்கு மேலே, ஜீப் பாதை முடிகிற இடத்தில்தான் செவ்வந்தியின் நிலம். மூன்று வருடமாக அந்த மண்ணுக்கு ஒரு பிடி ரசாயன உரம் காட்டவில்லை அவள். சாணியும் மாட்டு மூத்திரமும்தான். "தொளசிய வச்சிக்கினு கோயிலு கட்டப் போறியா?" என்று ஊரே கிண்டலடித்தது. போன மாதம் இயற்கை விளைச்சல் என்று சான்று வந்ததும் வாயை மூடிக்கொண்டது. இன்றைக்கு முதல் லோடு. நல்லபடியாக ஏறினால் வருடம் முழுக்க இவளிடமே மருந்துக் கம்பெனி வாங்கும்.

ஜீப்பிலிருந்து இறங்கிய கம்பெனிக்காரர் சுப்புராயன், வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தபடியே நின்றார்.

"இன்னாம்மா இது?"

"தொளசிங்க சார். நெழல்லயே காய வச்சது. மோந்து பாருங்க."

"தொளசி சரி. சாக்கு?"

செவ்வந்தி அப்போதுதான் கவனித்தாள். மூட்டைக்கு மூட்டை யூரியா என்று கொட்டை எழுத்து. நேற்று அவள் கள்ளக்குறிச்சி போய் இருட்டித் திரும்புவதற்குள் தம்பி ராசு மூட்டை கட்டி வைத்திருந்தான். மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டுகிறவன். அக்காவுக்கு உதவி என்று அங்கிருந்தே காலிச் சாக்கு அள்ளி வந்திருந்தான்.

"ஆத்துல நல்லா அலசித்தான் கொணாந்தேன் சார்! எங்கூட்டு அரிசியே இந்த சாக்குலதான் கெடக்குது. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று முன்னால் வந்தான் ராசு.

"நீ சாவல. லேப்புல உரம் காட்டிச்சின்னா இவங்க சான்று பூடும்."

"வேற சாக்குல மாத்திக் கட்டித் தர்றோம் சார்" என்றான் புருஷன் பச்சமுத்து.

"கூடாது. ஒட்டினது ஒட்டினதுதான்" என்றாள் செவ்வந்தி. "மறுபடி எப்ப சார் வருவீங்க?"

"வர்ற வெள்ளிக்கெழம. அன்னிக்கு சரக்கு இல்லன்னா நான் வேற ஆள பாத்துக்குவேன்மா."

"மேக்கால பாதி அறுக்காம நிக்கிது. வாங்க, இருக்கும்."

ஜீப் திரும்பியதும் அரிவாளை எடுத்தாள்.

"மழ கட்டிக்கினு இருக்குது. எங்க காய வப்ப?" என்றான் பச்சமுத்து.

"வூட்டுக்குள்ள."

"அப்ப நாம?"

"மாட்டுக் கொட்டாயில."

ராசு சிரித்துவிட்டான். "மாமா, மாடு ஒத்துக்குமா?"

"சிரிக்காதடா! இந்த மூட்டைய கீழ எடுத்துக்கினு போ. சாதா தொளசின்னு உண்மைய சொல்லி, வர்ற வெலைக்கு தள்ளிட்டு சீக்கிரம் வா. அறுப்புக்கு ஆளு வேணும்."

வாரம் முழுக்கத் தூறல். கட்டில், பானை எல்லாம் வெளியே போனது. பாய்களில் பரப்பிய துளசியை ஒரு பக்கம் ஈரம் தங்காமல் புரட்டிப் புரட்டிப் போட்டாள் செவ்வந்தி. பச்சமுத்து கொட்டகையில் கொசு அடித்தபடி முனகினான். ஆனாலும் விடிந்ததும் அறுக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை சுப்புராயன் புதுத் துணி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு இலையை நசுக்கினார். மொறுமொறுவென்று பொடிந்தது. டிரைவரிடம் ஏற்றச் சொல்லிக் கை காட்டினார்.

கடைசி மூட்டை ஏறியதும் செவ்வந்தி ஜீப்பின் முன்னால் வந்து நின்றாள்.

"வருசம் பூரா எடுக்கறேன்னு சொன்னீங்கல்ல, அத எழுதிக் குடுத்துட்டு மலைய எறங்குங்க சார்."