தெற்கு பார்த்த பேனல்

1

“பேனல யாரு தெக்கால திருப்பினது?”

அப்பா கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை பிறந்தது. கேட்டு ஏழு மாதமாகிறது. பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் ஒளித்து எழுதும் நோட்டுகளில் இது நான்காவது. நீங்கள் படிப்பது வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: ‘ஈஸ்டர் வாரத்தில் பட்டகோனியக் கடற்கரை மிக அழகாக’

அடித்துவிட்டேன். அழகை யார் பார்த்தது?

இரண்டாவது: கடலோரம், கார் இழுத்துவந்த டிரெய்லர் வீடு. உள்ளே ஐலினின் அம்மா நெலிதா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் முகமூடி இயந்திரம் மாட்டித்தான் படுப்பார். இயந்திரத்துக்கு பேட்டரி, பேட்டரிக்கு, வெளியே மணலில் சாய்த்துவைத்த சோலார் பேனல். அதை வாங்கிவந்து நிறுத்தியவன் நாவெல், அக்காவைக் கட்டிக்கொள்ள இருந்தவன்.

(ஐலின் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் உடனே அடித்துவிடுகிறேன்.)

3

‘பேனல் தெற்கு பார்க்க வேண்டும்’ என்றார் போனில் பார்த்த வீடியோவில் ஒரு ஸ்பெயின்காரர். பேசுவது நம் ஸ்பானிய மொழி, சூரியனும் நம்முடையதுதான் என்று ஐலின் நம்பினாள். நாவெல் மீன்பிடிக்கப் போன நேரத்தில், உதவியாக இருக்கட்டும் என்று திருப்பிவைத்தாள். அவர்கள் ஊரில் சூரியன் தெற்கே சாயும். எங்கள் அர்ஜென்டினாவில் வடக்கே. விடிவதற்குள் பேட்டரி செத்தது. அம்மா மூச்சுத் திணறி எழுந்தார்.

“சூரியனுக்கே முதுகக் காட்டின ஆளு நீ ஒருத்தன்தான்யா, மாப்ள!” மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே அப்பா ஆரம்பித்தார்.

“நான் வடக்கதான் வெச்சேன், மாமா.”

“அப்ப நண்டு வந்து திருப்பிச்சா?”

“விடுங்க, உசுரோடதான இருக்கேன்,” என்றார் அம்மா, கம்பளிக்குள்ளிருந்து.

“இன்னிக்கு இருக்க. இவன நம்பி பொண்ணையும் குடுக்கணுமா? கல்யாணப் பேச்சே வேணாம்.”

அக்கா அழுதாள். ஐலின் வாயைத் திறந்து

[இந்த வாக்கியம் இதற்கு மேல் நகரவில்லை.]

4

முடிவு ஒன்று: ஐலின் உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆறு தடவை எழுதினேன். பொய்.

முடிவு இரண்டு: காற்றுதான் திருப்பியது. அதைவிடப் பொய்.

மூன்றாவதை உங்களிடம் விட்டுவிடலாமா? எனக்காக நீங்கள் பேசுவீர்களா?

வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்.

“ஏய் ஒல்லிக்குச்சி, நீ இங்கதான இருந்த? யாராச்சும் தொட்டாங்களா?” நாவெல் கேட்டான்.

“தெரியல,” என்றேன். என் காது சுட்டது.

அவன் என் முகத்தையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தான். திரும்ப என்னைப் பார்த்தான். பிறகு பேனலை வடக்கே திருப்பி, சாயாமல் இருக்கக் கல் முட்டுக்கொடுத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் சாலைப்பக்கம் நடந்தான்.