முள்ளம்பன்றி வளை மண்

பள்ளி வேன் ஓட்டும் சிட்டு, ஆள் பெயருக்கேற்ற மாதிரி ஒரு பிடிதான் இருப்பாள். அதனால்தான் அக்கா அவளைக் கூப்பிட்டாள். அக்காவுக்கு மண் ஆய்வுக்கூடத்தில் வேலை.

"லீவுதானே, ஒரு உதவி பண்ணுடி. மலையடிவாரத்துல முள்ளம்பன்றி வளை இருக்கு. உள்ளே இருக்கிற மண்ணு கொஞ்சம் வேணும். எனக்கு உடம்பு நுழையாது."

அக்கா கேட்டு சிட்டு எதற்கு மாட்டேன் என்றிருக்கிறாள்? வளை வளையாகத் தலையை விட்டு, கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் குப்பிகளை நிரப்பினாள். முகமெல்லாம் புழுதி.

"முள்ளம்பன்றி உள்ளே இருந்தா என்னடி பண்ணுவ?" என்று அக்கா தள்ளி நின்று கேட்டாள்.

"தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்குவேன்."

பள்ளி திறந்த கையோடு இருமல் பிடித்தது. காய்ச்சல் விட்டபாடில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் தெம்பில்லாமல் வேனை வேறொருவரிடம் ஒப்படைத்தாள். ஆஸ்பத்திரியில் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சளியோடு ரத்தம் வந்ததுதான் மிச்சம். அக்கா தினமும் வந்து தலைவாரிவிட்டாள். "கூடப் பிறந்தவள்னா இப்படி இருக்கணும்" என்று நர்ஸ் மெச்சினார்.

புதிதாக வந்த டாக்டர்தான் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குகை, பொந்து, வளைன்னு எங்கேயாவது மண்ணைக் கிண்டினீங்களாம்மா?"

"ஆமா. அக்காவுக்காக."

"மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

"எதுக்கு?"

"இது காசநோய் மாதிரி தெரியலம்மா. அந்த மாதிரி மண்ணுல ஒரு பூஞ்சை இருக்கலாம். கிண்டினா தூசியோட நுரையீரலுக்குள்ள போயிடும். மண்ணு கேட்டவங்களுக்கு இது தெரியாம இருக்காதே."

சிட்டு திரும்பினாள். அக்கா கையில் சீப்போடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் போனதும் சிட்டு கேட்டாள்: "அந்தப் பூஞ்சையைத்தான் தேடினியா?"

"லேப்ல ஒருத்தரும் உள்ளே போக மாட்டேன்னுட்டாங்கடி. மாஸ்க் குடுத்தா நீயும் பயந்துடுவியோன்னு… எல்லாருக்கும் வர்ற நோய் இல்லடி."

"சரி. இருமல் வந்தப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே. தப்பான மாத்திரைய முழுங்கிட்டுக் கிடந்தேன். தண்ணி எடுத்துக் குடுத்தது நீதானே?"

"வேலை போயிடும்னு…" அக்கா இழுத்தாள்.

சிட்டு அக்கா கையிலிருந்த சீப்பை வாங்கி வைத்தாள். சொல்லியிருந்தாலும் போயிருப்பாள். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, அக்காவைத் திட்டிக்கொண்டே போயிருப்பாள். அதுதான் ஆறவில்லை.

சரியான மருந்து உயிரைக் காப்பாற்றியது. ஆனால் மாடி ஏறினால் இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. நடமாட்டம் வந்ததும் முதல் வேலையாக ஆய்வுக்கூடத் தலைவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையையும் இப்படி அனுப்பிவிடக் கூடாதே. அக்காவின் வேலை போயிற்று.

"என்ன இருந்தாலும் உன் ரத்தம்டி அவ" என்று அம்மா அழுதாள்.

"அந்த ரத்தத்தைத்தாம்மா துப்பிக்கிட்டிருந்தேன்."

சிட்டு மறுபடி வேன் ஓட்டத் தொடங்கியபின், ஒரு காலையில் அக்காவே வாசலில் வந்து நின்றாள். "என்னைக் காட்டிக் குடுத்துட்டியேடி" என்றாள்.

சிட்டு வேன் சாவியை எடுத்தாள். பிள்ளைகள் காத்திருப்பார்கள். வேனில் ஏறிக் கிளப்பினாள். தெருமுனை திரும்பிய பிறகுதான் அழுதாள்.