எலும்பு வாசலில் நின்றவை

எங்கள் குடும்பத்துச் செல்கள், நேரில் அழைக்காத இடத்துக்குள் நுழைவதில்லை. பட்டினி கிடந்தாலும் படி தாண்டமாட்டா. எனக்கு அதில் எப்போதும் பெருமைதான்.

தென்காசியில் இருக்கும் என் அண்ணன் சங்கரபாண்டிக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் என் மூலச்செல்களை எடுத்து, பையில் தொங்கவிட்டு, அவர் உடம்பில் ஏற்றினார்கள். அவை எலும்புக்குள் குடிபோய்ப் புது ரத்தம் உண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் பிழைக்கமாட்டார்.

சில நாட்கள் கழித்து டாக்டர் பிளெஸ்ஸி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, என் செல்கள் இன்னும் எலும்பு வாசலிலேயே நிற்பதாகச் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லையாம். நானும் பார்த்தேன். ஊதா நிறத்தில், உருண்டையாக, முதுகை நிமிர்த்தி நின்றன. ஒன்றுகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வளர்ப்பு அப்படி.

குடும்பத்தில் ஏதும் மனத்தாங்கல் உண்டா என்று டாக்டர் கேட்டார். உண்டு. அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு எனக்கு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினார். நான் போகவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு, மருந்துச் சீட்டில் வெற்றிலை பாக்கு எழுதிக் கொடுத்தார்.

மதினி தாம்பாளத்தில் எல்லாம் எடுத்து வைத்தாள். தங்கச்சியின் செல்களிடம் போய்க் கெஞ்சுவதா என்று அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காய்ச்சல் ஏறியது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செல்களை உள்ளே போகும்படி நானே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தேன், வரவில்லை. அண்ணன் செத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அப்போதும் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன். செல்களும் நானும் ஒரே மாதிரிதான் நின்றோம்.

காலையில் அண்ணன் கட்டிலைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். தாம்பாளத்தை எடுத்துத் தன் நெஞ்செலும்புக்கு நேராக நீட்டினார். என் பெயரைச் சொல்லியே செல்களைக் கூப்பிட்டார்.

"ஏளா உலகம்மா, அன்னைக்கு நான் நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும். தப்புதான். உள்ள வா தாயி."

செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. எல்லாம் வலது காலை எடுத்துவைத்துத்தான் போகின்றன என்று டாக்டர் மைக்ராஸ்கோப்பில் இருந்து தலை தூக்காமல் சொன்னார். என்னிடம் மிச்சமிருந்த செல்களின் காதிலும் அழைப்பு விழுந்துவிட்டது. அவை மொத்தமாக எழுந்தன. நானும் அவற்றோடு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எனக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பியபோது, எலும்பைக் காலி செய்துகொடுத்த அண்ணனின் பழைய செல்கள் பெட்டி படுக்கையோடு என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தன. கதவு திறந்துதான் இருந்தது. ஒன்றுகூடச் செருப்பைக் கழற்றவில்லை.

நான் தாம்பாளம் எடுக்க உள்ளே போனேன்.