எதிர்த்தரப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். மாமா வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து, கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாராம். கேட்டால், ஏதோ ஞாபகத்தில் பூட்டிவிட்டேன் என்கிறாராம். அவர் குளிக்கப் போன நேரத்தில் கிளம்பி வந்திருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் தம்ளரை மேசைமேல் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீதான் வக்கீலுக்குப் படிக்கிறியே. இதெல்லாம் ஒரு கேஸாம்மா? நீயே கேளு."

சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் நான். அந்த வீட்டில் அதுவரை என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கை நீட்டினாரா?"

"இல்ல."

"திட்டுவாரா?"

"அவரு சத்தமே போடமாட்டாரு."

"பூட்டினதைப் பாத்தவங்க யாராவது உண்டா?"

"உள்ள நான் மட்டுந்தானே இருக்கேன்."

எதிராளி என்ன சொல்வான் என்பதை முதலில் முழுதாகச் சொல்லிப் பார், பிறகு ஒவ்வொன்றாக உடை என்பது வகுப்பில் பழக்கியது. அப்படியே தொடங்கினேன். மறதி வேறு, நோக்கம் வேறு. இன்னொரு சாவி கேட்டாயா? கேட்கவில்லை. ஜன்னல் வழியாக யாரையாவது கூப்பிட்டாயா? கூப்பிடவில்லை. கையில் ஃபோன் இருந்ததா? இருந்தது. "அப்போ அடைச்சு வெச்சாருன்னு சொல்லவே முடியாதுன்னு அவரோட வக்கீல் வாதாடுவாரு." ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

"அவ்ளோதான், முடிஞ்சுது. படிச்சவளே சொல்லிட்டா" என்று அப்பா எழுந்தார்.

"அப்பா, இது அவங்க பக்கம். நம்ம பக்கத்துக்கு நான் இன்னும் வரவே இல்ல."

அவர் ஃபோனோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ள, வந்து கூட்டிட்டுப் போங்க" என்பது கீழே வரை கேட்டது.

"எத்தனை தடவைக்கா பூட்டினாரு?"

"மூணு மாசமா தினமும்." தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "இதை நீ முதல்லயே கேட்டிருக்கலாம்" என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

மாடிக்கு ஓடினேன். "தினமும்ப்பா! தினமும் யாராவது மறப்பாங்களா?"

"உனக்கென்ன ரெண்டு நாக்கா? கேஸ் நிக்காதுன்னு இப்பத்தானே சொன்ன?"

கீழே அம்மா அக்காவின் பையை எடுத்து, கலைந்திருந்த துணிகளை மறுபடி மடித்து வைத்தாள்.

மத்தியானம் மாமா வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. பையைத் தானே வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வக்கீலம்மா நம்ம பக்கமாமே?" நான் வாயைத் திறப்பதற்குள் காரை எடுக்கப் போய்விட்டார்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டேன்.

"போகாதக்கா. நான் எடுத்துச் சொல்றேன்."

"யாருகிட்ட?"

வெளியே ஹாரன் ஒலித்தது. ஒரு காலில் வாரை இறுக்கிவிட்டாள். மறு காலை இன்னும் நீட்டவில்லை. வெறும் பாதத்தின் விரல்கள் படியின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன.